டிரைவர் வேலைதானே என்று லோடு வண்டி ஏறும் பெண்களுக்கு

சென்னையில் மளிகைச் சரக்கு வண்டி ஓட்ட ஆள் கேட்டு வரும் விளம்பரங்களில் ‘டிரைவர் தேவை, ஆண்/பெண், சம்பளம் பேசிக்கொள்ளலாம்’ என்றுதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நானும் போனேன். ஓட்டுவது இந்த வேலையில் கால்வாசி. மிச்சமெல்லாம் தூக்குவது, இறக்குவது, படி ஏறுவது, பில்லில் கையெழுத்துக்குக் காத்திருப்பது, மறுபடி தூக்குவது. எனக்கு வழி சொல்ல அப்போது யாரும் இல்லை. லோடு வண்டி ஓட்டுகிற ஒரு பெண்ணைக்கூட எனக்குத் தெரியாது. இடுப்பு பிடித்துக்கொண்டு, கையில் இருந்த பணமும் கரைந்து, ஒன்றரை மாதம் வீட்டில் கிடந்தேன். எழுந்து மறுபடி இதே வேலைக்குத்தான் வந்திருக்கிறேன், அதனால் யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. சேருவதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ஒரு முப்பதாயிரமாவது மிச்சமாகியிருக்கும்.

அதற்கு முன் கால் டாக்சி ஓட்டினேன். வாடகைக்கு எடுத்த கார், ஓனர் ஒரு நாள் அதை விற்றுவிட்டார். வீடு பெரம்பூரில். மாதவரம் பக்கம் குடோன்களுக்குக் குறைவில்லை என்பதால் அங்கே விசாரித்தேன். முதல் ஆளே ஒரு புரோக்கர். “உன் லைசென்ஸ் காருக்குத்தான்ம்மா, லோடு வண்டிக்கு பேட்ஜ் போடணும், எட்டாயிரம் ஆகும்” என்றார். நல்ல வேளை, டாக்சி ஸ்டாண்டில் பழகிய ஒரு அண்ணனிடம் கேட்டேன். வண்டியும் சரக்கும் சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டியை எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸை வைத்தே ஓட்டலாம், தனியாக எதுவும் போட வேண்டாம். 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் மறுபடி இழுத்தடித்ததால் 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. பெட்ரோல், கேஸ் மாதிரி ஆபத்தான சரக்குக்கு மட்டும் வேறு விதி. அரிசி பருப்பு ஏற்றும் குட்டி யானை (டாடா ஏஸ்), தோஸ்த் மாதிரி சின்ன லோடு வண்டிகளுக்கு அந்த எட்டாயிரம் தண்டம். இன்றும் இதைச் சொல்லிப் பணம் கறக்கிறார்கள்.

வேலை கிடைத்தது ஒரு மளிகை மொத்த வியாபாரியிடம். ஓட்டல், மெஸ், பெண்கள் விடுதி, சமையல் காண்டிராக்டர்கள் இவர்களுக்கெல்லாம் அரிசி, எண்ணெய், மாவு, சர்க்கரை, முட்டை கொண்டுபோய்ப் போட வேண்டும். சம்பளம் மாதம் 18,000, பேட்டா நாளுக்கு 200. ‘செக்யூரிட்டி’ என்று பத்தாயிரம் முன்பணம் கட்டச் சொன்னார்கள், வண்டிக்கு ஏதாவது ஆனால் என்றார்கள். ஹெல்பர் உண்டு என்றார்கள். ஹெல்பர் தம்பி ஒருவன் முதல் வாரம் வந்தான். இரண்டாவது வாரம் அவனை இன்னொரு வண்டிக்கு அனுப்பிவிட்டு, “நீங்கதான் பழகிட்டீங்களே” என்றார் சூப்பர்வைசர்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, சரக்கை இறக்குவது யார் என்பதுதான். குடோனில் ஏற்றுவதற்கு லோடுமேன்கள் இருப்பார்கள். ஏற்றுக்கூலி முதலாளி கணக்கு. இறக்குமிடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். இறக்குக்கூலி என்று ஒன்று உண்டு, அதைக் கடைக்காரர் தருகிறாரா, முதலாளி தருகிறாரா, அல்லது உங்கள் சம்பளத்துக்குள்ளேயே மடித்து வைத்துவிட்டார்களா என்பதை அப்போதே கேட்டுவிடுங்கள். அடுத்தது, வாசல் வரையா, ஸ்டோர் ரூம் வரையா, மாடியா? ‘டெலிவரி’ என்ற ஒரே சொல்லுக்குள் இது எல்லாம் அடங்கிப்போகும். மூன்றாவது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, எத்தனை டிராப் (சரக்கு இறக்கும் இடம்). வாயால் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வராதீர்கள். வீட்டுக்கு வந்ததும் “சார், நீங்க சொன்னபடி ஹெல்பர் உண்டு, தரைத்தளம் வரை டெலிவரி, முன்பணம் பத்தாயிரம் திருப்பித் தரப்படும், சரிதானே?” என்று ஒரு வாட்ஸ்அப் போட்டுவிடுங்கள். அவர் கட்டைவிரலைக் காட்டினால்கூடப் போதும்.

எடை விஷயத்துக்கு வருகிறேன். குட்டி யானை சுமார் முக்கால் டன் தாங்கும். அது ஒரு நடை. காலை நடை முடித்துவிட்டு மதியம் இன்னொன்று போக வேண்டியிருக்கும். அரிசி பெரும்பாலும் 26 கிலோ சிப்பம். ஏன் 26 என்று முதலில் புரியவில்லை. 2022 ஜூலையில் 25 கிலோ வரை பாக்கெட் போட்ட அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்ததும் ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டிக் கட்டிவிட்டார்களாம். அவர்களுக்கு வரி மிச்சம், அந்த ஒரு கிலோ என் தோளுக்கு. எண்ணெய் டின் எடை குறைவு, ஆனால் மேலே இருக்கும் கம்பிக் கைப்பிடி விரலின் இரண்டாவது கணுவில் அறுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு கையிலும் இரண்டு டின் தூக்கினால் சாயங்காலம் சோறு பிசைய விரல் மடங்காது. சர்க்கரை, மைதா 50 கிலோ மூட்டை. அதை ஒரு ஆள் தூக்குவது என்பதே தப்பு, ஆணானாலும் சரி.

ஒரு மூட்டையின் எடையைவிட, அதே மூட்டையை எத்தனை முறை தூக்குகிறோம் என்பதுதான் உடம்பை உடைக்கிறது. குடோனில் லோடுமேன்கள் கைக்குக் கிடைத்த வரிசையில் அடுக்கிவிடுவார்கள். முதல் டிராப் சூளைமேடு, அதற்கான அரிசி கேபினை ஒட்டி அடியில் இருக்கும். அதை எடுக்க மேலே இருக்கும் மயிலாப்பூர் சரக்கு முழுவதையும் ரோட்டில் இறக்கி, அரிசியை எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். அடுத்த தெருவில் திரும்பவும் அதே கதை. சூப்பர்வைசரிடம் சொன்னால் “எல்லாரும் இப்படித்தான் போறாங்க” என்பார். எல்லாரும் ஹெல்பரோடு போகிறார்கள் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அதனால் லோடு ஏற்றும்போது கூடவே நில்லுங்கள், டீ குடிக்கப் போகாதீர்கள். கடைசி டிராப் முதலில் உள்ளே போக வேண்டும், முதல் டிராப் பின்கதவோரம். ஒவ்வொரு கடைக்குள்ளும் கனமானது கீழே, டின்கள் நிமிர்ந்து, முட்டை அட்டைகள் எல்லாவற்றுக்கும் மேலே. இரண்டு கடைச் சரக்குக்கு நடுவில் ஒரு பழைய சாக்கை விரித்துவிட்டால் எது யாருடையது என்று குழப்பம் வராது. லோடுமேன் அண்ணன்கள் முணுமுணுப்பார்கள். தினமும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினால் இரண்டாவது வாரத்தில் அவர்களே “வரிசை சொல்லும்மா” என்று கேட்பார்கள். இதை மட்டும் செய்தே என் வேலை பாதியாகக் குறைந்தது, ஆனால் அடிபட்ட பிறகுதான் குறைந்தது.

எண்ணிக்கையும் அங்கேயே முடிக்க வேண்டும். பில்லில் 12 டின் என்றால் பன்னிரண்டையும் தொட்டு எண்ணி, பின்கதவு மூடும் முன் போனில் ஒரு படம். எனக்கு ஒரு டின் குறைந்தது என்று ஒரு முறை 2,200 ரூபாய் பிடித்தார்கள். கடையில் குறைந்ததா குடோனிலேயே ஏறவில்லையா என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ‘ஷார்ட்டேஜ்’ என்பது எப்போதும் டிரைவர் தலையில்தான் விடியும்.

தூக்கும் விதத்தைச் சொல்லித் தந்தது கோயம்பேட்டில் ஒரு வயதான லோடுமேன். ஒரு நாள் அங்கே வெங்காயம் ஏற்றப் போனபோது, நான் குனிந்து மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்குவதைப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, கொழந்தைய தூக்குற மாரி தூக்குற? நீ மூட்டைய தூக்காத. மூட்டைக்கு அடியில நீ போ” என்றார். செய்து காட்டினார். மூட்டையை வண்டியின் பின்விளிம்பு வரை இழுத்து, பாதி வெளியே நீட்டி நிற்க வைக்க வேண்டும். பிறகு அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி, முட்டியை லேசாக மடக்கி, மேல் முதுகிலும் தோளிலும் அதைச் சாய வைத்து, ஒரு கையால் மூட்டையின் காதைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். கழுத்தடியில் மடித்த துண்டு. இறக்கும்போது தரையில் குனிந்து இறக்கக் கூடாது, மேசை உயரத்தில் ஏதாவது இருந்தால் அதன்மேல் சாய்த்துவிட வேண்டும். இதில் கை வலுவுக்குப் பெரிய வேலை இல்லை. 26 கிலோவைத் தரையிலிருந்து எடுப்பதற்கும் வண்டி விளிம்பிலிருந்து முதுகில் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே நாளில் உணர்ந்தேன். அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை, இன்னமும் மனது உறுத்துகிறது.

அந்தப் பாடம் கிடைத்த சில நாட்களிலேயே அடிபட்டது. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனுக்குக் கீழே மெஸ், ஸ்டோர் ரூம் முதல் மாடியில். படி இரண்டடி அகலம்தான் இருக்கும், அதிலும் கிரைண்டர் கழுவிய தண்ணீர் வழிந்து, மாவு ஒட்டி வழுவழு என்றிருந்தது. 50 கிலோ சர்க்கரை. கீழே வைக்கிறேன் என்றேன். “எப்பவும் மேலதான் வச்சிட்டுப் போவாங்கம்மா” என்றார் கல்லாவில் இருந்தவர். மெஸ் பையன் ஒருவன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். நான் கீழ்ப் பக்கம். பாதிப் படியில் அவன் பாக்கெட்டில் போன் அடித்தது, ஒரு கையை விட்டான். மொத்த எடையும் என் பக்கம் சரிந்தது. மூட்டை விழக் கூடாது, சர்க்கரை கொட்டினால் என் சம்பளம் என்பதுதான் அந்த நொடியில் தோன்றியது. இடுப்பில் ‘சுரீர்’ என்று ஒரு வலி இழுத்து, இடது கால் பெருவிரல் வரை இறங்கியது. மூட்டையை மேலே வைத்துவிட்டேன். பில்லில் கையெழுத்தும் வாங்கினேன். வண்டிக்கு வந்து சீட்டில் ஏற முடியவில்லை, காலைத் தூக்க முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்று அழுதேன். சூப்பர்வைசருக்குப் போன் செய்தால், “மிச்சம் எத்தனை டிராப் இருக்கு?” என்பதுதான் முதல் கேள்வி.

வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா புத்தூர் கட்டுக்கே வண்டி பேசிவிட்டார். எலும்பு முறியவில்லை என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஸ்கேன் எடுத்ததில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்றார்கள். ஸ்கேன், மாத்திரை, தனியார் பிசியோதெரபி எல்லாம் சேர்த்து 14,000 போனது. பிறகுதான் அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவு இருப்பதே தெரிந்து அங்கே போனேன், செலவில்லை, காத்திருக்கத்தான் வேண்டும். வராத அரை மாதச் சம்பளம் 9,000. முன்பணம் பத்தாயிரம், “நீங்கதான் சொல்லாம நின்னுட்டீங்க” என்று திருப்பித் தரவில்லை. இதில் ஒன்றரை மாத வருமானத்தைச் சேர்க்கவில்லை. வேலை செய்யும்போது அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று 1923-லேயே சட்டம் வந்துவிட்டது, வண்டியில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களும் அதில் சேர்த்தி. ஆனால் அங்கே நான் வேலை பார்த்தேன் என்பதற்கே கையில் காகிதம் கிடையாது, சம்பளம் ரொக்கம். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடம், சம்பளம் 21,000-க்குள் என்றால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று முதல் நாளே கேளுங்கள். சின்ன இடம் என்றால் சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், அதுவே ஒரு சாட்சி. வண்டியின் இன்சூரன்ஸ் பாலிசியில் சம்பள டிரைவருக்கான கவர் எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதற்கான பிரீமியம் ரொம்பச் சொற்பம், கேட்டால்தான் போடுவார்கள். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு தமிழக அரசின் நல வாரியம் இருக்கிறது, அதிலும் பதிந்து வைத்துவிடுங்கள்.

இனி ஆண்கள் யாரும் சொல்ல மாட்டாத விஷயம். பாத்ரூம். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் மதியம் வரை எங்கே போவது என்றே தெரியாது. ஆண் டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டினால் முடிந்தது. நான் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினேன். குட்டி யானையில் இன்ஜின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. சித்திரை வெயிலில் மேலேயும் கொதிக்கும், கீழேயும் கொதிக்கும். தண்ணீர் இல்லாமல் அதில் உட்கார்ந்து ஓட்டினால் என்ன ஆகும்? சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலோடு கிடந்தேன். டாக்டரம்மா திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. இப்போது என் ரூட்டில் எங்கெங்கே போகலாம் என்று தெரிந்து வைத்திருக்கிறேன்: ரயில் நிலையங்கள், கோயம்பேடு பஸ் ஸ்டாண்ட், டீசல் போடும் பங்க் (பூட்டித்தான் வைத்திருப்பார்கள், டீசல் போடும்போதே சாவியைக் கேட்டுவிடுங்கள்). இவை எல்லாவற்றையும்விட நம்பிக்கையான வழி, சரக்கு போடும் ஓட்டல்களில் பாத்திரம் கழுவும், காய் நறுக்கும் அக்காக்கள். மேனேஜரிடம் கேட்டால் யோசிப்பார். அக்காக்களிடம் கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள், ஒரு டம்ளர் மோரும் கிடைக்கும். மாதவிடாய் நாட்களில் மாடி டிராப் இருக்கும் ரூட்டை மாற்றித் தரக் கேட்கிறேன். கேட்க முதலில் கூச்சமாகத்தான் இருந்தது, “உடம்பு சரியில்லை, இன்னிக்கு படி வேண்டாம்” என்ற அளவுக்குச் சொன்னாலே புரிந்துகொள்கிறார்கள்.

உடுப்பில் துப்பட்டா, தொங்கும் சங்கிலி, வளையல் எதுவும் வேண்டாம். பின்கதவுக் கொக்கியில் மாட்டும். காட்டன் பேன்ட், முழுக்கைச் சட்டை, உள்ளே ஸ்போர்ட்ஸ் பிரா. இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ பாரிமுனையில் கிடைக்கிறது, ஆனால் பெண்களின் கால் அளவுக்கு அலைய வேண்டும். ஆண்களின் 5-ஆம் நம்பர் எனக்குத் தடித்த சாக்ஸோடு சரியாக இருக்கிறது. எண்ணெய் டின்னுக்கு ரப்பர் பூசிய கையுறை. இரண்டு சக்கர டிராலி ஒன்றை என் சொந்தக் காசில் 3,000 கொடுத்து வாங்கினேன். அது மட்டும் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கலாம். இடுப்பு பெல்ட்டை நாள் முழுக்கப் போடாதே, தசை சோம்பேறியாகிவிடும் என்றார் பிசியோதெரபிஸ்ட்.

பேச்சு வாங்காமல் இந்த வேலை நடக்காது. வண்டியை விட்டு இறங்கினால் “டிரைவர் எங்கம்மா?” என்பார்கள். ரிவர்ஸ் எடுத்தால் தெருவே கை காட்டும், எல்லாரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பக்கம். இதெல்லாம் சிரித்துக்கொண்டே போகலாம். ஒரு இடத்தில் ஸ்டோர் ரூமுக்குள் பின்னாலேயே வந்து கதவை ஒட்டி நின்றார் ஒருவர். அன்றிலிருந்து தனி ஸ்டோர் ரூமுக்குள் நான் போவதில்லை, வாசலில் வைத்துவிட்டு அங்கிருந்தே கையெழுத்து வாங்குகிறேன். பெண்கள் உதவி எண் 181. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடத்திலும் பாலியல் தொல்லைக்குப் புகார் தரலாம், மாவட்ட அளவில் அதற்கென்று குழு உண்டு.

மழைக்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தார்ப்பாய் கிழிசல் இல்லாமல் இருக்கிறதா என்று ஐப்பசிக்கு முன்பே பாருங்கள். மழை வலுத்தால் தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதை, வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை பக்கம் போகவே வேண்டாம். சாதாரண நாளிலும் சுரங்கப்பாதைகளில் உயரத் தடுப்பு இருக்கும், சரக்கை எவ்வளவு உயரம் அடுக்குகிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும்.

இப்போது வேறொரு வியாபாரியிடம் இருக்கிறேன். சேரும்போதே நான்கு விஷயம் சொன்னேன்: லோடு வரிசை நான் சொல்கிறபடி, 50 கிலோ மூட்டைக்கு இரண்டாவது ஆள், மாடி டிராப்புக்கு இறக்குக்கூலி தனி, முன்பணம் கிடையாது. அவர் கொஞ்ச நேரம் கால்குலேட்டரைத் தட்டினார். இரண்டாவது ஆள் வாரத்தில் மூன்று நாள்தான் தர முடியும், 50 கிலோ சரக்கை அந்த நாட்களுக்குத் தள்ளிக்கொள்ளலாம் என்றார். சரி என்றேன். சம்பளம் பழைய இடத்தைவிட ஆயிரம் குறைவு, இறக்குக்கூலியில் அது வந்துவிடுகிறது. இடுப்பு நீண்ட நேரம் உட்கார்ந்தால் இன்னும் வலிக்கிறது. அடுத்த வருடம் சொந்தமாக ஒரு பழைய வண்டி எடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை, அதனால் குட்டி யானைதான் தோதுப்படும். எட்டு வருடம் தாண்டிய வண்டியை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் அவசரப்பட வேண்டாம், அதற்கு எஃப்சி (தகுதிச் சான்று) வருடா வருடம் காட்ட வேண்டும், அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். நான் பார்த்த இரண்டு வண்டியும் அந்தக் கணக்கில்தான் அடிபட்டுப் போயின.